காற்றின் மேல் பழி

ஆறு மணிக்குப் பிறகு பியூரன் பந்தடித் திடல்
யாருக்கும் வேண்டாம்.
அளவுநாடாவைப் புல்லில் விரித்து
ஐந்து மீட்டருக்கு ஒரு போத்தல் மூடி வைக்கிறேன்.
தூண்டில்முள் இருக்கவேண்டிய நுனியில்
சிவப்புக் கம்பளி நூல், அரை விரல் நீளம்.
மீனே இல்லாத மீன்பிடி.
ஆரே ஆறு வேலிக்கு அந்தப் பக்கம் போகிறது,
என்னைப் பார்க்காமல்.

மூன்று கிழமையாக இருபத்தேழு.
இருபத்தேழு, இருபத்தாறரை, இருபத்தேழு.
கோபத்தில் வீசினால் இருபத்திரண்டு.
பலத்தைக் கூட்டக் கூட்டத்
தூரம் குறைகிற கணக்கு.

முதலில் கோலைக் குற்றம் சொன்னேன்.
பிறகு தொண்ணூறு பிராங்குக்குப் புதுக் கயிறு.
மணிக்கட்டு முறிகிறதென்று
கோலின் அடியைச் சட்டைக் கையோடு
வெல்க்ரோ பட்டியால் கட்டிப் பார்த்தேன்.
நுனி நரம்பில் மறுபடியும் முடிச்சு,
மணலளவு;
ஊசியால் பிரித்தெடுப்பதற்குள் இருட்டிவிடும்.
காற்றுமுடிச்சு என்பார்கள்.
காற்று பாவம்.
இன்று புல்லே அசையவில்லை,
கழகக் கொடி ஈரத் துவாய்போலத் தொங்குகிறது,
முடிச்சு மட்டும் விழுந்திருக்கிறது.

பகலில் என் தொழில் பிழை பிடிப்பது.
கிரென்ஷனில், உருப்பெருக்கியின் கீழ்,
கைக்கடிகாரப் பற்சக்கரங்கள், தட்டுக்கு இருநூறு.
ஒரு பல்லில் மயிரிழைக் கீறல் என்றாலும்
தூக்கிச் சிவப்புக் கிண்ணத்தில் போடுவேன்.
என் தோளை எந்தக் கிண்ணத்தில் போடுவது?

ரெகுலாவிடம் கைபேசியைக் கொடுத்தேன்.
தபால்காரி. மீன் பிடிக்கமாட்டாள், தின்னவும் மாட்டாள்.
"என்னைப் படம் பிடிக்காதே,
பின்னால் போகும் கயிற்றைப் பிடி."

எட்டில் ஒரு பங்கு வேகத்தில்
என் முதுகை நான் பார்த்தேன்.
கயிறு கொண்டையூசிபோல மடிந்து
பிரிந்து பிரிந்து போகிறது, மஞ்சளாக.
இன்னும் மூன்று முழம் நேராகவேண்டும்,
அதற்குள் கை முன்னே ஊர்கிறது.
அரைச் சாண். அவ்வளவுதான்.
என்னைக் கேட்காமல் ஊர்கிற கை.
இழந்த அரைச் சாணை மீட்கப்போய்
ஒரு வெட்டு;
கோல் நுனி குழிய,
மேலிழை கீழிழையில் விழுகிறது.
முகத்துக்கு முன் விழுந்த முடிச்சு
முதுகுக்குப் பின்னால் பிறந்திருக்கிறது.

ரெகுலா எட்டிப் பார்த்துச் சொன்னாள்:
"அது சொல்லி முடிக்கவில்லை,
நீ கதைக்கத் தொடங்கிவிட்டாய்."
நாய்க்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டாள்.

ஆரூரனுக்குப் 'ப' வராது.
உதடு ஒட்டி நிற்கும்போது
'பால்' என்று நான் சொல்லிவிடுவேன்,
'பள்ளி' என்று, 'போகலாம்' என்று.
உதவி என்றுதான் நினைத்திருந்தேன்.
ஒரு தடவையாவது அவன்
'பனி' என்று சொல்ல வந்திருக்கலாம்.

சரி. கயிறு.
கோல் நுனி புல்லைத் தொடட்டும்,
தொய்வையெல்லாம் வாரிய பிறகு தூக்கு.
மெல்லத் தொடங்கு, கடைசியில் விரை, கல்லாய் நில்.
நின்றபின் கை மட்டும் பின்னே போகட்டும்,
புறப்பட்ட ரயிலோடு நாலடி நடப்பதுபோல.
தலையைத் திருப்பிப் பார், வெட்கமில்லை.
கயிறு வந்து கையை இழுக்கும்வரை
ஒன்றும் செய்யாதே.

ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான்
எவ்வளவு நீளம்.

இழுத்தது.
வீசினேன்.
மடிப்பு ஒடுங்கி, சத்தமில்லாமல்,
ஐந்தாவது மூடியைத் தாண்டி.
ரெகுலா நாடாவில் குனிந்தாள்:
"இருபத்தெட்டு, நாற்பது."
முப்பதின் மூடி அப்பால் மினுங்கிக்கொண்டிருந்தது.

நரம்பை விரலால் உருவினேன். முடிச்சில்லை.
படத்தை மறுபடி ஓட்டினோம்.
வலது கை காத்திருக்கிறது, உண்மைதான்.
இடது கைதான், பாவி,
இழுவையை முன்கூட்டியே முடித்துவிட்டு
இடுப்போரம் தொங்குகிறது,
சம்பளம் வாங்கிய ஆள்போல.

அது நாளைக்கு.

கதவைத் திறந்ததும் ஆரூரன்,
"அம்மா, ப..."

ஒரு சப்பாத்தைக் கழற்றி
மற்றதைக் கழற்றாமல்
நிற்கிறேன்.