மூன்றாவது துளை

ரசீதைக்கூட நடுவில் கிழித்துக்கொண்டோம்.
டில்லரின் பெயர் அவளிடம் போயிற்று,
விலை என்னிடம் தங்கியது.
வோருவில் களிமண் விறைப்பு விடாத ஒரு மே மாதம்,
எஸ்தோனியாவில் இன்னும் க்ரோன் செல்லுபடியான காலம்,
ஆளுக்குப் பாதி போட்டு வாங்கினோம்.
அப்போது உர்வெயும் நானும் பேசிக்கொண்டிருந்தோம்.

பிறகு ஒரு வாய்க்கால்.
அதைப் பற்றி வேண்டாம்.
தண்ணீர் எந்தப் பக்கம் ஓடவேண்டும் என்பதில்
தண்ணீரைத் தவிர எல்லோருக்கும் கருத்து இருந்தது.

பதினோரு வருடமாக
மே பத்தாம் தேதி காலையில்
வேலியின் இடைவெளியில் அது நிற்கும்.
மூன்றாம் நாள் மாலை அதே இடத்தில் நான் நிறுத்துவேன்.
இடையில் ஒரு சொல் கிடையாது.
பெட்ரோல் மட்டும் எடுத்த அளவுக்கு நிரம்பியிருக்கும்.

அவள் நெட்டை. கைப்பந்தில் வலையோரம் நின்று ஆடியவள்.
நான் பஸ் ஓட்டியவன்,
சீட்டைக் கடைசிவரை முன்னால் தள்ளிவைத்தே
முப்பது வருடம் ஓட்டினேன்.
அவளுடைய கைப்பிடி என் மார்புக்கு வரும்.
ஆகவே வருடத்தின் முதல் வேலை
பக்கத் திருகைத் தளர்த்தி மூன்று பல் இறக்குவது.
திருகு கிறீச்சிடும்.
எங்களுக்குள் நடந்த பேச்சு அதுதான் என்று வைத்துக்கொள்ளலாம்.
என் முறை முடிந்ததும் அவள் மூன்று பல் ஏற்றுவாள்.
அந்தக் கிறீச்சும் என் சமையலறைவரை கேட்கும்.

ஆழம் வேறு விஷயம்.
பின்னால் தொங்கும் இரும்புக் கம்பிக்கு ஐந்து துளை.
முதல் துளையில் ஊசியைச் செருகினால்
பிரேக் போன பஸ் மாதிரி
ஆளையும் இழுத்துக்கொண்டு தாவி ஓடும்,
மண்ணில் ஒரு கீறல்கூட விழாது.
ஐந்தாவதில் நகரவே நகராது.
நின்ற இடத்தில் தனக்கே குழி தோண்டும்.
என் மண்ணுக்கு மூன்றாவது.
அவளுடையது மணல் கலந்த மேடு, நான்காவது.

இந்த வருடம் வந்தபோது
கைப்பிடி என் உயரத்தில் இருந்தது.
பழக்கத்தில் திருகைப் பிடித்த கை
செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் அங்கேயே நின்றது.
ஓ, என்றேன், யாருமில்லாத தோட்டத்தில்.

உழுதேன்.
பனிக்காலம் கீழேயிருந்து அனுப்பிய புதுக் கற்கள்
கத்திகளில் மோதி டங்கென்றன.
நீல நைலான் கயிறு ஒன்று அச்சில் சுற்றிக்கொண்டது.
பிளக் வயரைப் பிடுங்கிவிட்டு
மண்டியிட்டு அறுத்தேன்.
அறுக்கும்போதும் யோசனை அந்த மூன்று பல்லைப் பற்றித்தான்.
பதில் போடாவிட்டால் மரியாதையா?

எனவே திருப்பித் தரும் மாலையில்
கத்திகளைக் கழுவினேன்.
ஊசியை நான்காவது துளைக்கு மாற்றினேன்.
திருகுக்கு கிரீஸ் தடவி
கைப்பிடியை மூன்று பல் ஏற்றினேன், அவள் உயரத்துக்கு.
இதுவரை மூடாத பெட்ரோல் குழாயையும் மூடிவைத்தேன்.

மறுநாள் ஜன்னலிலிருந்து பார்த்தேன்.
உர்வெ வந்தாள்.
கைப்பிடி அவள் மார்புக்கு வந்தது.

முதுகு எப்போது அப்படி வளைந்தது?
வேலிக்கு மேலே தெரியும் தலை
சில மாதங்களாகத் தெரியவில்லை என்பதை
ஏதோ கோபம் என்றே கணக்கு வைத்திருந்தேன்.

அவள் திருகைத் தளர்த்தினாள்.
ஒன்று, இரண்டு, மூன்று.
கிரீஸ் போட்டிருந்ததால் சத்தமே வரவில்லை.
என் உயரம் என்று நான் நினைத்தது அவளுடைய உயரம்.

பிறகு கயிற்றை இழுத்தாள்.
இரண்டாம் முறை. மூன்றாம் முறை.
ஐந்தாவதில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.
எஞ்சின் இருமக்கூட இல்லை.

ஜன்னல் கொண்டி குளிர்காலத்திலிருந்து இறுகிக் கிடந்தது.
முஷ்டியால் குத்தித் திறந்து,
"குழாய்! பெட்ரோல் குழாய்!" என்று கத்தினேன்.
பதினோரு வருடம் சேர்த்துவைத்த முதல் வார்த்தை அது.

அவள் குனிந்து, குழாயைத் திறந்து, இழுத்தாள்.
பிடித்துக்கொண்டது.
என் பக்கம் திரும்பி ஏதோ சொன்னாள்,
எஞ்சின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.
வெகுநேரம் வாய் அசைந்தது.
திட்டாகத்தான் இருக்கும்.
நான் தலையாட்டினேன்.