இரண்டாவது ஓட்டை

எண்ணெய்ச் சட்டி சொர்ணலிங்கத்துக்கு, வண்டி எனக்கு.
பள்ளத்தூருக்குக் குடிவந்த வாரமே பிரித்துக்கொண்டோம்.
அவருக்குக் கிக்கர் வசப்படாது.
எனக்குச் சீடை வெடிக்கும்.

தொண்ணூற்றேழாம் வருஷத்து சுசுகி.
ரைஸ்மில் கணக்கர் சேவுகனிடம்
பதினோராயிரத்துக்கு வாங்கியது.
இரண்டு பக்கமும் தகர டின், நடுவில் நான்.
கைமுறுக்கும் மணகோலமும் இப்படித்தான்
காரைக்குடிக்குப் போகும்.

தை பிறந்ததிலிருந்து ஒரு சீக்கு.
வாசலில் ஒரே உதை, கிளம்பிவிடும்.
கோட்டையூர் எல்லையில் புளியமரம் வந்ததும்
இரண்டு இருமல், ஒரு விக்கல்,
அப்புறம் டின்னுக்குள் முறுக்கு உரசுகிற சத்தம் மட்டும்.

இறங்குவேன். டேங்க் மூடியைத் திறந்து
பெட்ரோல் இருக்கிறதா என்று வண்டியை ஆட்டிப் பார்ப்பேன்.
இருக்கும். மூடுவேன். உதைப்பேன். பிடித்துக்கொள்ளும்.
கொப்புடையம்மன் பேரைச் சொல்லித்தான் உதைப்பது;
அதனால் பெருமையெல்லாம் அவளுக்கே போனது.

மரத்தடியில் வெள்ளாடு மேய்க்கும் ராக்கு
என்னைக் கடிகாரமாகவே வைத்திருந்தாள்.
"முறுக்குக்காரி நின்னுட்டா, மணி எட்டேகால்."

ராத்திரி, அடுப்பு அணைந்த பிறகு,
பின்கட்டில் சாக்கை விரித்துப் பிரிப்பேன்.
பிளக்கைக் கழற்றினேன். காய்ந்திருந்தது.
அது ஏதோ சொல்ல வந்தது, எனக்குப் பிடிபடவில்லை.
பாயிண்ட்டை உப்புத்தாளால் தேய்த்து
ஒரு கல்யாணப் பத்திரிகையின் கனத்துக்கு
இடைவெளி வைத்தேன்.
மெய்யம்மை வீட்டுப் பத்திரிகை. அட்டை ரொம்பத் தரம்.
கார்புரேட்டர் ஜெட்டை வாயில் வைத்து ஊதி
மறுநாள் முழுக்க
எதைத் தின்றாலும் பங்க் வாசம்.

கண்டன்சர் புதுசு. காயில் புதுசு.
செக்காலை ரோட்டு மெக்கானிக் ஆரோக்கியம்
என் முகத்தைப் பார்க்காமல் வண்டியைப் பார்த்துச் சொன்னார்:
"சூடானா நிக்குதுன்னா ரிங்குதான்க்கா.
போர் போடணும். நாலாயிரத்து ஐநூறு ஆகும்."
நாலாயிரத்து ஐநூறு.
மனசு அங்கேயே உட்கார்ந்து
முறுக்குச் சுற்ற ஆரம்பித்துவிட்டது.

மாசி மகத்துக்கு முதல் நாள்.
சொர்ணலிங்கம் புது எண்ணெய் டின் ஒன்றைத் தூக்கிவந்து
ஒரு மூலையில் ஆணி வைத்து அடித்தார்.
சாய்த்தார். எண்ணெய்
விக்கி விக்கி நூலாக இறங்கி, நின்றது.
யாரோடோ போனில் பேசிக்கொண்டிருந்தார்,
பேச்சை விடாமல், டின்னைப் பார்க்கக்கூடச் செய்யாமல்
எதிர் மூலையில் இன்னொரு அடி.

கடகடவென்று இறங்கியது.

மாவுக் கையோடு எழுந்தேன்.
"எங்கே?" என்றார். சொல்ல நேரமில்லை.

புளியமரத்தடியில், நாள் தவறாமல்,
மூடியைத் திறக்கும்போது
உஸ்ஸென்று ஒரு சத்தம் வருமே.
ஆடு தும்முகிறதென்றல்லவா இருந்தேன்.

மூடியைக் கழற்றித் திருப்பினேன்.
காற்று உள்ளே போக ஊசித்துளை
இருக்கவேண்டிய இடத்தில்
சாம்பல் நிறத்தில், கல்லாய், எம்-சீல்.
எந்தக் கட்டையில போறவன் வச்சது என்று
திறந்த வாய் பாதியில் நின்றது.
பொங்கலுக்கு முந்தைய அந்தக் கெட்ட மழையில்
டேங்கில் தண்ணீர் இறங்குகிறதென்று
அப்பி, அழுத்தி, அடைத்தது நான்.
என் கட்டைவிரல் ரேகை அழியாமல் இருந்தது.

சாக்குத் தைக்கும் கோணி ஊசியால் குடைந்தேன்.
மூடியை உதட்டில் வைத்து உறிஞ்சினேன்.
காற்று வந்தது, கொஞ்சம் துருவோடு.

மறுநாள் புளியமரம் வந்தது.
விக்கலுக்கு முதுகு தானாக இறுகியது.
வரவில்லை.
ராக்கு எழுந்து நின்று கையைத் தூக்கினாள்.
கிளட்ச் கேபிளும் பழசு, கையை எடுக்கப் பயம்.
ஹாரன் போய் ஒரு வருஷம் ஆச்சு.
தலையை ஆட்டினேன், ஹெல்மெட்தான் ஆடியிருக்கும்.

இன்றைக்கு அவளுக்கு மணி தெரிந்திருக்காது.

அடுத்த ஐப்பசிக்கு இன்னும் எட்டு மாசம்.
அதற்குள் மழைக்கு
வேறு ஏதாவது யோசிக்கணும்.