இரண்டு மணி பத்து நிமிடம்

உம் அல் குவைன், ஜூலை.
அதிகாலை நான்கு நாற்பதுக்கு
சாலைக்கு வடக்கே ஓதம் முழுக்க ஏறிவிட்டது.
தெற்கே, அதே சாலையின் மறு ஓரத்தில்,
அளவுகோலில் ஒரு கோடுகூட நனையவில்லை.

நடுவில் இருப்பது ஆறு மீட்டர் தார்.
அதன் அடியில் ஒரே ஒரு குழாய்,
என் இடுப்புயரம்கூட இல்லை.
பாதி மணல். மீதியில்
ஒரு டயர், வலைத்துண்டு, சிப்பி.
கழி முழுவதும் முப்பது வருடமாக
இந்த ஓட்டை வழியாகத்தான் மூச்சு வாங்குகிறது.

ரொஃபிகுல் டார்ச் அடித்து எண் சொல்கிறான்,
நான் எழுதுகிறேன்,
பத்து நிமிடத்துக்கு ஒரு முறை.
அவன் ஊர் போலா. ஆறு வந்து
வீட்டைத் தின்றுவிட்டுப் போனதை
நேற்றுச் சாப்பிடும்போது சொன்னான்,
உப்பு கேட்கிற குரலில்.

ஆறு ஐம்பதுக்குத் தென்புறம் நிறைந்தது.
நிறைந்தது என்பது ஒரு மரியாதைக்கு.
வெளியே வந்ததில் பாதி உயரம்,
அதற்குள் வெளியே கடல் வற்றத் தொடங்கியிருந்தது.

இரண்டு மணி பத்து நிமிடம்.
நான் ஊருக்குப் பேசினால்கூட
ஒன்றரை மணிதான் வித்தியாசம்.

அந்த நேரம் எங்கே போனதென்று
உள்ளே நடந்தால் தெரியும்.
அலையாத்தியின் மூச்சுவேர்கள்
யாரோ ஆணியடித்து மறந்த பலகைபோல
உப்புப் பூத்து நிற்கின்றன.
நண்டு வளைகளில் நண்டு இல்லை.
பூநாரைகள் வருகின்றன, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்புகின்றன.

வரைபடத்தில் இதன் பெயர் கிராசிங் நான்கு.
நான் போட்டது பதினெட்டு மீட்டர் பாலம்.
அடியில் தளம் கிடையாது,
சேறு சேறாகவே கிடக்கும்.
தூண்கள் ஓடைக்கு வெளியே ஒதுங்கி நிற்கும்.
மட்டம் இப்போதைய தாரைவிட
ஓர் ஆள் உயரம் மேலே.

"மூணு பைப் போட்டா முடிஞ்சுது மேடம்,
நண்டுக்கு எதுக்குப் பாலம்?"
செலவுக் கணக்கைத் தள்ளினார் பிலவேந்திரன்.
எல்லோரும் சிரித்தார்கள்.
நானும் சிரித்துத் தொலைத்தேன்.

சொல்ல வந்தது வேறு.
கடல் ஆண்டுக்கு அரை அரிசி நீளம் ஏறுகிறது,
காடு அதற்கு முன்னால் மேட்டுக்குப் போயாக வேண்டும்.
மரம் நடக்காது, விதை நடக்கும்:
அவரைப் பருப்பாய் மடிந்த பச்சை விதை,
ஓதத்தில் ஏறி,
பிடிக்கிற சேற்றில் இறங்கிக்கொள்ளும்.
குழாய் வாயின் கம்பிவலையில் எண்ணினேன், நாற்பத்தொன்று.
விசா முடிந்தவர்கள்போல் ஒட்டி நின்று
அங்கேயே முளைவிட்டிருந்தன.

இதில் எதையும் சொல்லவில்லை.
சொன்னது இவ்வளவுதான்:
"என் கணக்குப்படி இன்னும் நாற்பது வருடத்தில்
அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் இந்தச் சாலை முங்கும்.
ஆம்புலன்ஸ் எந்த வழியாகப் போகும்?"

ஷம்ஸா பேனாவை எடுத்தாள்.
பதினெட்டை அடித்தாள்,
பன்னிரண்டு என்று எழுதினாள்.
மட்டத்தைத் தொடவில்லை.
பிலவேந்திரன் பெருமூச்சு விட்டார்,
பாதி எனக்காக என்று இப்போது தோன்றுகிறது.

பழைய கரையை வெட்டி எடுத்தபோது
குழாய் இரண்டாக உடைந்து வந்தது.
உள்ளே கறுத்த தண்ணீர்,
அழுகிய முட்டை வாடை.
கிரேன்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டே தூக்கினார்.

இந்த டிசம்பரில் மறுபடி அளந்தேன், தனியாக.
ரொஃபிகுல் இப்போது சலாலாவில்.
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு எழுதினேன்.
பாலத்தடியில் தண்ணீர் போகிற சத்தம் கேட்கவில்லை;
அவசரம் இல்லாத தண்ணீருக்குச் சத்தம் கிடையாது.
விதைகள் இரண்டு மூன்றாகப் போயின,
டார்ச் வெளிச்சத்தைத் தாண்டி இருட்டுக்குள்.
எங்கே இறங்கினவோ.

இருபத்தைந்து நிமிடம்
என்று அவனுக்கு அனுப்பினேன்.
வெகுநேரம் கழித்து ஒரே சொல் வந்தது,
அவன் பாஷையிலும் என் பாஷையிலும் இருக்கிற சொல்:

பாக்கி?