பயனாளி

சித்திரைக் கடைசியில் ஒரு சாயங்காலம்
காற்று கால்மணி நேரம்தான் அடித்தது.
பாளையங்கோட்டையில் எங்கள் மாடியில்
ஒரு பிளாஸ்டிக் வாளி உருண்டது, அவ்வளவே.
சிங்கிகுளத்தில்
அறுநூற்றுப் பன்னிரண்டு ஏத்தன்
குலையோடு படுத்துவிட்டது.

எண்ணிச் சொன்னவள் ஆவுடைத்தங்கம்.
என் வயலை அவள்தான் பாட்டத்துக்கு வைத்திருக்கிறாள்,
ஒன்பது வருஷமாக.
எழுத்து கிடையாது.
தை பிறந்தால் பணம் தருவாள்.
அவள் முன்னால் எண்ணாமல் வாங்கிக்கொண்டு
பஸ்ஸில் எண்ணுவேன்.
வருஷத்துக்கு மூன்று தடவை
உழவர் நிதி இரண்டாயிரம் வருவதும் எனக்குத்தான்.
அதை அவள் கேட்டதில்லை,
நான் சொன்னதில்லை.

கிராம நிர்வாக அலுவலர் வந்தார்,
கூட ஒரு தோட்டக்கலைப் பையன்.
சாய்ந்த மரங்களுக்கு நடுவே அவளை நிற்கச் சொல்லிப்
படம் எடுத்தார்கள்.
படத்தில் அவள் இருக்கிறாள்.
முட்டுக் கொடுத்த சவுக்குக் கம்பு இருக்கிறது.
அவள் கொழுந்தன் மகனின் சைக்கிள்கூட இருக்கிறது.
படிவத்தில் சாகுபடி செய்பவர் என்ற கட்டத்தில்
'சொந்தம்' என்று எழுதி
என் ஆதாரைக் கேட்டார்கள்.
ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் இருந்தேன்.
இடது கையால் அனுப்பினேன்.

அப்புறம் நாலு மாசம்.
"அண்ணாச்சி, பணம் ஏறிட்டா?"
"இல்லயே."
"களக்காட்டுல சிலபேருக்கு ஏறிட்டாம்லா."
"வரும். கவர்மென்ட் காசு மெதுவாத்தான் வரும்."
மூன்று தடவை இது உண்மை.
நாலாவது தடவை அவள் கேட்டபோது
பணம் என் கணக்குக்கு வந்து
ஐந்து நாள் ஆகியிருந்தது.

ஏன் சொல்லவில்லை என்று
எனக்கு இன்னும் ஒழுங்காகத் தெரியாது.
மகளுக்கு விடுதிக் கட்டணம் இருந்தது, ஆமாம்.
அதற்கு வேறு பணம் எடுத்து வைத்திருந்தேன்.
குறுஞ்செய்தியில் என் பெயர், தகப்பனார் பெயர்,
வாழை, சேதம், பயனாளி என்று இருந்தது.
ஒரு கன்றுகூட நட்டறியாதவன்
அதைப் பத்துத் தடவை திறந்து படித்தேன்.

புரட்டாசி முதல் ஞாயிறு கிளம்பினேன்.
ஜவுளிக்கடைக் கவரில் ரூபாய்.
பச்சையாறு தாண்டும்போது
கவருக்குள் கை விட்டு மூவாயிரத்தை உருவிச்
சட்டைப் பையில் வைத்தேன்.
தீர்வை கட்டுகிறவன் நான்தானே,
போக வரச் செலவு இருக்கிறதே என்று
ஏதோ ஒரு கணக்கு.

மறுதாம்புக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தாள்.
வரப்பில் நின்றபடியே கொடுத்தேன்.
சேலையில் கையைத் துடைத்துவிட்டு
என் எதிரிலேயே எண்ணினாள், ஒவ்வொரு தாளாக,
நடுவில் தப்பிப்போய், மறுபடி முதலிலிருந்து.
"கவர்மென்ட்டுல இவ்ளோ தரமாட்டாவளே.
ஒங்க கைக்காசையும் போட்டா குடுக்கிய, அண்ணாச்சி?"

அந்த இடத்தில் ஒரு வார்த்தை போதும்.
மடை ஓரம் ஒரு கொக்கு நின்றது.
அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேண்டாம் வேண்டாம் என்றும் கேட்காமல்,
காற்றுக்குத் தப்பிப் பிந்திக் குலைத்ததில் ஒன்றை வெட்டி
என் தோளில் ஏற்றிவிட்டாள்.
பதினாலு கிலோ இருக்கும்.

சாயங்கால பஸ்ஸில் இஞ்சின் பக்கம் வைத்தேன்.
காம்பிலிருந்து பால் சொட்டி வேட்டியெல்லாம் கறை.
வாழைக்கறை துவைத்தால் போகாது.
நடத்துநர் காலால் லேசாகத் தள்ளிப் பார்த்து
"இந்தத் தார் யாருது?" என்றார்.
யாரும் பேசவில்லை.
லக்கேஜ் எடுக்கணும், யாருது என்று
இன்னொரு முறை கேட்டார்.

"என்னுதுதான்" என்று
சட்டைப் பையிலிருந்து ஐநூறு ரூபாய் எடுத்து நீட்டினேன்.
சில்லறை இல்லையா என்றார்.