காக்காப்பொன்

மூலனூருக்குத் தெற்கே ஒரு முருங்கைக் காடு.
அறுநூற்றிருபது அடி. இன்னும் புழுதிதான்.

தேவசித்தம் ரிக்கின் மேலே,
நான் கம்ப்ரசர் பக்கம்.
எஞ்சின் ஓடும்போது எங்களுக்குள் பேச்சில்லை, கைதான்.
இரண்டு விரல் காட்டினால் காற்றைக் குறைப்பேன்.
உள்ளங்கையைக் கவிழ்த்தால் நிறுத்துவேன்.
இவர் எதற்காக இப்படிக் காட்டுகிறார் என்று
ஒரு தடவைகூட யோசித்ததில்லை.
யோசித்திருந்தால்
இருபதடி ராடு எவன் தோளிலாவது இறங்கியிருக்கும்.

எஞ்சின் நின்றால்தான் வம்பு.
தூக்குப்போசியைத் திறக்கும்போதே ஆரம்பித்துவிடும்.
ஆறே நாள் என்பார்.
கோடிக்கணக்கில் வருஷம் என்பேன்.
"கண்ணு தானா முளைக்குமுங்களா?"
"முதுகெலும்பு முடியுற இடத்துல வால் மிச்சம் எதுக்குங்க?"
அவரிடம் ரெக்சின் உறை போட்ட வேதாகமம்,
ஓரமெல்லாம் கிரீஸ் விரல்.
என்னிடம் ராசிபுரத்தில் இரண்டு வருஷம் படித்து
பாதியில் விட்ட விலங்கியல்.

ராத்திரி லாரிக்கு அடியில் படுத்துக்கொண்டு
குப்பண்ணனிடம் சொல்வேன்:
அவருக்கும் உள்ளுக்குள்ள தெரியும்ணா,
சபையில மதிப்புப் போயிருமேன்னு நடிக்கிறாரு.
குப்பண்ணன் பீடியைச் சுண்டுவார்.
"வெள்ளிக்கிழமையானா பட்டினியா ராடு தூக்கறானே,
அதும் நடிப்பா?"
அது எனக்கு ஒரு பதிலாகவே படவில்லை.

அப்புறம் ஒரு மத்தியானம்
தோற்றுக்கொண்டிருந்தேன்.
அவர் கேட்டதற்குப் பதில் இருக்கிறது,
புத்தகத்தில் எந்தப் பக்கம் என்றுகூட ஞாபகம் இருக்கிறது,
பதில்தான் மறந்துவிட்டது.
வாய் தானாகச் சொன்னது:
போன வருஷம் குன்னத்தூர்ல, எழுநூறடியில,
மீன் அச்சு விழுந்த கல்லு வந்துச்சு.
இந்தக் கையில வாங்கிப் பாத்தேன்.

அவர் மறுக்கவில்லை.
"மீனுங்களா? எத்தனை பெருசு?"
கட்டைவிரலைக் காட்டினேன்.
சோறு காய, அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினெட்டு நாள் கழித்து
சேலத்துக்கு பிட் வாங்கப் போனவர்
பாறையைப் பற்றிப் பாடம் எடுக்கும் வாத்தியார் ஒருவரைத்
தேடிப் பிடித்து, காத்திருந்து, கேட்டிருக்கிறார்.
வந்ததும் எல்லோர் முன்னாலும் கேட்டிருக்கலாம்.
டீசல் பேரலுக்குப் பின்னால் கூப்பிட்டார்.

"நம்ம பக்கத்துக் கல்லு நெருப்புல வெந்த கல்லாமுங்க,
அதுல மீனெல்லாம் நிக்காதாமா.
காக்காப்பொன் இருக்குதல்லங், பாளம் பாளமா,
ஈரத்துல வெயில் பட்டா செதிலாட்டத்தான் மின்னும்.
நானே ஏமாந்திருக்கேன்.
நீங்களும் அப்படித்தான் பாத்திருப்பீங்க."
கொஞ்சம் நின்றார்.
"இந்தக் கல்லுக்கு இருநூத்தம்பது கோடி வயசுன்னும்
அவரு சொன்னாருங்க.
நான் நம்பலீங்க. ஆனா
உங்ககிட்ட அதைச் சொல்லாம மறைக்கறது முறையில்லையல்லங்."

காக்காப்பொன்னாத்தான் இருக்குமுங்க, என்றேன்.
அது இரண்டாவது பொய்.
தப்பிக்க அவர் திறந்துவிட்ட கதவு வழியாகவே
அதையும் சொன்னேன்.

அதற்கப்புறமும் சண்டை நிற்கவில்லை.
ஆறு நாள் ஆறு நாளாகவே இருக்கிறது.
வால் எலும்பும் இருந்த இடத்தில்தான்.
குப்பண்ணனிடம் மட்டும் நான் எதுவும் சொல்வதில்லை.
அவருக்குத் தெரிந்திருக்குமோ
என்று மல்லாந்து கிடந்து யோசிக்கிறேன்.
தெரிந்தே சொன்னாரா,
நிஜமாகவே நான் காக்காப்பொன்னைப் பார்த்தேன் என்று நம்பினாரா?
எது எனக்கு லேசு என்று புரியவில்லை.

அறுநூற்று நாற்பது.
மேலிருந்து இரண்டு விரல்.
காற்றைக் குறைக்கிறேன்.
அங்கே மீன் இல்லைங்க என்பதற்கு
எங்களிடம் கை ஜாடை கிடையாது.
கட்டைவிரலை நிமிர்த்தி, அவர் பார்க்க,
மெல்ல மடக்கிக் காட்டினேன்.

கம்ப்ரசரில் ஏதோ கோளாறு என்று எடுத்துக்கொண்டு
ஏன் என்று கேட்காமல்
எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்.

முருங்கைக் காட்டில் சத்தமே இல்லை.
படியில் இறங்கி வருகிறார்.
"சொல்லுங்," என்கிறார்.