இருபத்தாறு நாள்

மாரண்டஅள்ளி பஸ்ஸில் நின்றபடியே வந்தேன்,
காலிடுக்கில் யாருடையதோ தக்காளிக் கூடை.
எடை தூக்கக் கூடாதென்ற டாக்டர்
இந்த பஸ்ஸில் ஏறியதில்லை.

பாலக்கோடு சார்நிலைக் கருவூலத்தில்
என் நாற்காலி உயர்ந்திருந்தது.
யாரோ நெட்டையானவர்
என் வேலையைப் பார்த்திருக்கிறார்.
ஓய்வூதியக் கோப்புகள் அறுபத்துமூன்று.
ஸ்டேப்ளரைக் காணோம்.
“தையல் இழுக்குதா?” என்று
ருக்சானா மட்டும் மெதுவாகக் கேட்டாள்,
கேட்ட கையோடு பட்டியலையும் நீட்டினாள்.

வீட்டில்
உப்பு டப்பாவில் சர்க்கரை.
மாதப்பன் கிளறிய களி
அங்கங்கே கட்டி.
கரண்டு பில் கட்டியாயிற்றாம்,
ரசீது எங்கே என்றால்
சட்டைப் பையைத் தடவிச் சிரிக்கிறார்.
துவைத்துவிட்டேன் அந்தச் சட்டையை.

சின்னவள் தானே ஜடை போடுகிறாள்.
வகிடு கோணல்.
சீப்போடு கிட்டே போனேன்.
“எனக்கே வரும்மா”
கண்ணாடியை விட்டுத் திரும்பவில்லை.

நீட்டிய சீப்போடு
கொஞ்ச நேரம் நின்றேன்.
அப்புறம்
என் தலையை அவிழ்த்தேன்.
பின்பக்கம்,
படுத்துப் படுத்து,
ஒரே சிக்கு.