முடிவேலி

செவ்வாய்க்கிழமை சலூனுக்கு லீவு.
அதனால் திங்கள் இரவு
ஒடுகத்தூர் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே
கோதண்டம் ஷட்டரைப் பாதி இறக்கும்போது
சாக்கோடு போய் நிற்பேன்.

"இன்னா போஸ்டம்மா, இத்தனி முடி?
சவுரி கட்டிக்கப் போறியா?"
முதல் தடவை கேட்டார்.
பன்னிக்கு என்றேன்.
அப்புறம் கேட்கவில்லை.
ஞாயிற்றுக்கிழமை முடியைத் தனியாக அள்ளி வைப்பார்.
ஞாயிறுதான் விளைச்சல் அதிகம்.

பத்தொன்பது தக்காளிச் செடிகள்.
வாடகை வீட்டின் பின்பக்கம்,
அதற்குப் பின்னால் கல்லுக்கட்டு,
அதற்கும் பின்னால் மலை.
மலையிலிருந்து இறங்குகிறவர்களுக்கு
என் தோட்டம்தான் முதல் கடை.

மயிலுக்கு வலை கட்டினேன்.
அணிலுக்குப் பழைய சி.டி.
என் கல்யாண வீடியோ, இரண்டு பாகம்,
நூலில் தொங்கி வெயிலில் மின்னுகிறது.
அதற்கு அது போதும்.
பன்றி மட்டும் எதற்கும் மசியவில்லை.
கிழிந்த புடவையை வேலியாகக் கட்டினால்
முகர்ந்துவிட்டு
அதன் மேலேயே நடந்து வந்தது.

முடி மூக்கில் ஏறினால் தும்மித் திரும்பிவிடுமாம்.
மணியார்டர் வாங்க வந்த கரும்புத் தோட்டக்காரர்
கையெழுத்துப் போட்டபடியே சொன்னார்.

தூவினேன், ஒரு சாண் அகலத்துக்கு,
செடிகளைச் சுற்றி.
கருப்பு, நரை, மருதாணிச் சிவப்பு,
புது மாப்பிள்ளை எவனோ தடவிய ஜெல்.
மேலத்தெரு முடியையும் காலனி முடியையும்
துடைப்பம் பிரித்துப் பெருக்குவதில்லை.
என் கவுண்டரில் தள்ளித் தள்ளி நிற்பவர்கள்
என் கொல்லையில் ராத்திரி முழுக்கப்
பின்னிக்கொண்டு காவல் இருந்தார்கள்.
ஸ்டாம்பு ஒட்டும்போது தலைகளைப் பார்ப்பேன்:
இந்தச் சுருட்டை
மூன்றாவது செடியோரம் கிடக்கிறது.

ஐப்பசி மழையில் உத்திரகாவேரி
கணுக்கால் வரை ஓடியது.
பூ உதிராமல் பிஞ்சு பிடித்தது.
அப்புறம் வந்தது கார்த்திகை ஒன்று.

ஊரில் பாதி ஆம்பளைகள் மாலை போட்டுவிட்டார்கள்.
"ஒரு தலையும் வரல போஸ்டம்மா."
கோதண்டமே தாடி விட்டிருந்தார்.
"பசங்க முடி கொஞ்சம் கீது, எடுத்துக்க."
அது ஒரு செடிக்கு வட்டம் போடக் காணாது.

பழுக்கத் தொடங்கியதும் அந்த வாரம்தான்.
பன்றிக்குக் காலண்டர் தெரியும்.

ஜன்னலுக்கு மேல் சுவர் ஓட்டையில்
நாலு வருஷத்துச் சீப்பு முடி வைத்திருந்தேன்.
சைக்கிளில் வரும் சவுரிக்காரனிடம் போட்டு
ஒரு பேசின் வாங்குவதாகத் திட்டம்.
டைபாய்டு வந்த மாசம் கொட்டியது
தனி உருண்டை.
எல்லாவற்றையும் பிரித்துத் தூவினேன்.

ராத்திரி இரண்டே கால்.
டார்ச்சை அடித்தால்
தாய் ஒன்று, பின்னால் ஐந்து குட்டிகள்.
கடைசிக் குட்டி என் முடியில் மூக்கை வைத்தது.
தும்மியது.
தும்மிவிட்டுப் பழத்தைத் தின்றது.

தினமும் தண்ணீர் ஊற்றுகிற கையின் வாசனை
இலையிலும் காம்பிலும் ஏற்கெனவே இருக்கிறது.
அதையே தரையில் விரித்து வைத்தால்
வா, உட்கார் என்றுதானே அர்த்தம்.

கையில் தட்டும் கரண்டியும் இருந்தன.
அடிக்கவில்லை. ஏன் என்று
இன்னும் எனக்கே தெரியாது.
காலையில் ஏழு செடி சாய்ந்து கிடந்தது.
பச்சைக்காய் ஒன்றரைக் கிலோ தேறியது, தொக்குக்கு.

மகரஜோதி முடிந்த மூன்றாம் நாள்
கோதண்டத்தின் போன்.
"வந்து எடுத்துக்கினு போ, ரெண்டு மூட்ட கீது.
எல்லாம் அறுவது நாள் முடி, தாடியோட."

சாக்கை உதறி மடித்துக்கொண்டு கிளம்புகிறேன்.
காட்டு வழியே நடந்து
மலையேறி இறங்கி வந்த முடி.
கற்பூரமும் ஈர மண்ணும் மணக்கும்.
அதில் மனுஷ வாசனை எவ்வளவு மிச்சமோ,
பன்றி வந்துதான்
சொல்லவேண்டும்.